மணலும் மணற்கல்லும் பாலையும்

(பழைய மாணவர் ஒருவர்)

பாலை என்றதும் மணல் நம் நினைவுக்கு வருகின்றது. மணற்கல் என்றதும் பாலை நினைவுக்கு வருகின்றது. செந்நிறக் குன்றுகளும், அவற்றின் அடியிற் பரந்த மணலும், அம்மணல்மீது நடக்கும் ஒட்டகங்களுமாகப் பாடநூற் படங்கள் இவ்விரண்டையும் நம் உள்ளத்தில் ஒன்றாகப் பிணைத்துவிட்டன. இப்பிணைப்பு எத்துணை உறுதியானது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுத என்னைத் தூண்டியது மாணவன் ஒருவனின் வினா. கல்லூரியை விட்டு நீங்கிக் கனகராயன்குளத்திற் புவியியல் ஆசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், ஒருநாள் மாணவர் சிலரை இரணைமடுக் குளம் காட்ட அழைத்துச் சென்றேன். கண்டி வீதியில் மாங்குளத்தைக் கடந்து, முறிகண்டிப் பிள்ளையாரை வணங்கி, வழக்கம்போலக் கச்சானும் வாங்கிக்கொண்டு வடக்கே சென்றோம். வழியோரத்து மண் செக்கச் சிவந்து காணப்பட்டது. வீதி வேலைக்காக வெட்டப்பட்ட பள்ளம் ஒன்றில் ஆளுயரத்துக்கு மேலாகச் செம்மணல் சுவர்போல் நின்றது. அதனைக் கையால் தடவிப் பார்த்த மாணவன் ஒருவன், "ஐயா, எங்கள் வன்னியும் ஒரு காலத்திற் பாலைவனமாய் இருந்ததோ?" என்று கேட்டான்.

"இராது" என்றேன். "ஏன் இராது?" என்றான். "இது மழை பெய்கின்ற நாடு அல்லவா?" என்று கூறி அவ்வளவில் நிறுத்திவிட்டேன். இன்று பெய்யும் மழை பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழைக்குச் சான்றாகாது என்பது வீடு திரும்பிய பின்பே எனக்கு உறைத்தது. அவன் கேட்டது நல்ல வினா. நான் கூறியது நல்ல விடையன்று. அன்று கொடுக்கத் தவறிய விடையை இம்மலரின் பக்கங்களிற் கொடுக்க முயல்கின்றேன்.

பாலை என்பது யாது?

நம் முன்னோர் இதனை நன்கு சிந்தித்துள்ளனர். தொல்காப்பியம் பாலைத்திணையைக் கூறினும் அதற்கெனத் தனி நிலம் ஒன்றை வகுக்கவில்லை. முல்லை நிலமும் குறிஞ்சி நிலமும் தம் இயல்பு கெட்டு, வெம்மையால் வாடிய நிலையையே பாலை எனச் சிலப்பதிகாரம் உணர்த்துகின்றது. பாலை என்பது ஒரு வகை மண்ணன்று. நிலத்துக்கு நேரும் ஒரு நிலை. இக்கருத்து இன்றைய புவியியலோடும் பெரிதும் ஒத்துச் செல்கின்றது.

ஆண்டுக்கு 250 மில்லிமீற்றரிலும் குறைவாக மழை பெறும் நிலத்தைப் பொதுவாகப் பாலைநிலம் என்பர். மண்ணின் வகைக்கு இவ்வரைவிலக்கணத்தில் இடமில்லை. பனியால் மூடப்பட்ட அந்தாட்டிக்காவும் இவ்வளவையாற் பாலையே. உலகத்துப் பாலைநிலங்களில் மணல் மூடிய பரப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. எஞ்சிய பகுதி வெறும் பாறையும் சரளையும் உவர்த்தரையுமாகும். ஆகவே மணலின்றியும் பாலை உண்டு. பாலையின்றி மணல் உண்டென்பதற்கு நம் கடற்கரையே சான்று.

மணல் பிறக்கும் வகை

மணல் எங்கே பிறக்கின்றது? கனகராயன்குளத்தார் இதற்கு விடை தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. இலங்கையின் பெரும்பகுதி மிகத் தொன்மையான பளிங்குருப் பாறைகளால் ஆனது. வவுனியாப் பகுதியில் ஆங்காங்கே தலைகாட்டும் நைசுப் பாறைகளும் இவ்வினத்தனவே. வெயிலிற் காய்ந்தும் மழையில் நனைந்தும் மரவேர்களாற் பிளவுண்டும் இப்பாறை சிதைகின்றது. அதிலுள்ள பெல்சுபார் என்னும் கனிப்பொருள் நாளடைவிற் களிமண்ணாகின்றது. இரும்பு கொண்ட கனிப்பொருள்கள் துருப்பிடித்து மண்ணுக்கு நிறமூட்டுகின்றன. குவாட்சு மட்டும் எளிதில் அழியாது எஞ்சுகின்றது. அது இரும்புக் கத்தியினும் வன்மையானது. இவ்வாறு எஞ்சிய குவாட்சு மணிகளே மணலின் பெரும்பகுதி. ஒரு மில்லிமீற்றரின் பதினாறில் ஒரு கூறு முதல் இரண்டு மில்லிமீற்றர் வரை பருமனுள்ள துணிக்கைகளைப் புவிச்சரிதவியலார் மணல் என்பர். அதனினும் நுண்ணியது வண்டலும் களியும், பெரியது சரளை.

மாரியிற் பெருகும் கனகராயன் ஆறு இம்மணலை வாரிக்கொண்டு வடக்கே ஓடி, இரணைமடுவை அடைந்து, அப்பால் சுண்டிக்குளக் கடனீரேரியை நோக்கிச் செல்கின்றது. களியும் வண்டலும் நீரிற் கலந்து முன்னே போய்விட, மணல் ஆற்றின் வளைவுகளில் தங்குகின்றது. மணலைப் பிறப்பித்தது பாறை, பிரித்தெடுத்தது நீர். இதுவரையில் பாலைக்கு இங்கு வேலையே இல்லை.

காற்றின் கையெழுத்து

ஆயினும் மணலைப் பிரிப்பதிற் காற்று நீரினும் நுட்பமானது. வெள்ளம் பெருங்கல்லையும் சிறு மணலையும் ஒருங்கே உருட்டிவரும். காற்றுக்கு அவ்வாற்றல் இல்லை. நுண்தூசியை அது வானில் ஏற்றி நெடுந்தொலைவு கொண்டுபோகும். சரளையைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிடும். இடைப்பட்ட மணலைத் தத்தித் தத்திச் செல்லச் செய்யும். ஒரு மணி துள்ளி விழுந்து வேறு மணிகளை மோத, அவையும் துள்ளுகின்றன. இதனை லிபியப் பாலையில் நேரிற் கண்டும், காற்றுக் குழாய்களிற் சோதித்தும் விளக்கியவர் றால்ப் பாக்னோல்ட் என்னும் பிரித்தானியப் படைப் பொறியியலாளர். மணற்குன்றுகளின் இயக்கத்தைப் பற்றி 1941இல் வெளியான அவரது நூல் இத்துறையில் இன்றும் அடிப்படை நூலாக மதிக்கப்படுகின்றது.

மணற்குன்று ஒன்றைக் கூர்ந்து நோக்குவோம். காற்றை எதிர்நோக்கும் பக்கம் மெல்லச் சரிந்திருக்கும். மணல் அச்சரிவில் ஏறி உச்சியைக் கடந்ததும் மறுபக்கத்தில் வழிந்து விழும். அப்பக்கத்தின் சாய்வு ஏறத்தாழ 34 பாகையை மீறாது. மீறினால் மணல் தானே சரிந்துவிடும். இவ்வாறு சரிவுமேற் சரிவாகப் படைகள் அடுக்கப்பட, குன்று முன்னோக்கி நகர்கின்றது. பின்வரும் குன்று முன்னதன் தலையைச் சீவிவிட்டு, வேறொரு சாய்வில் தன் படைகளை அதன்மேல் அடுக்குகின்றது. ஆகவே மணற்குன்றை வெட்டிப் பார்த்தால், உயர்ந்த சாய்வுப் படைகள் ஒன்றையொன்று வெட்டிக் கிடக்கக் காணலாம். மணிகளோ ஏறக்குறைய ஒரே பருமனுடையனவாய், தம்முள் மோதி மோதி உருண்டு, தேய்த்த கண்ணாடிபோல் மங்கியிருக்கும். மெல்லிய அபிரகத் தகடுகள் அரிதாகவே காணப்படும். இவற்றையே காற்றின் கையெழுத்து என்கின்றேன். குன்று மறைந்தாலும் இக்கையெழுத்து மறைவதில்லை.

மணல் கல்லாதல்

தளர்ந்த மணல் கல்லாவதற்கு வேண்டியவை மூன்று: சுமை, நீர், காலம். மேலே படியும் படைகளின் பாரத்தால் மணிகள் நெருங்குகின்றன. அவற்றின் இடைவெளியில் ஊறிச் செல்லும் நிலத்தடி நீர், தன்னிற் கரைந்திருந்த பொருளை அங்கே விட்டுச் செல்கின்றது. அப்பொருள் சாந்துபோல் மணிகளைப் பிணைக்கின்றது. சாந்து சிலிக்காவாயின் கல் மிக வன்மையாகும். சுண்ணாம்பாயின் தேசிக்காய்ப் புளிக்கும் மெல்ல நுரைக்கும். இரும்பு ஒட்சைட்டாயின் சிவப்பு, மஞ்சள், கபிலம் ஆகிய நிறங்களைப் பெறும். பாலையிற் கிடந்த மணலும் நீரின் துணையின்றிக் கல்லாவதில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

எல்லா மணலும் கல்லாவதற்குக் கோடி ஆண்டுகள் காத்திருப்பதில்லை. இலங்கையின் மேற்குக் கரையிற் பல இடங்களில் அலைபடும் எல்லையிலேயே மணல் சுண்ணாம்புச் சாந்தாற் பிணைந்து, கடற்கரைப் பாறையாக இறுகியுள்ளது. இத்தகைய பாறை சில நூறு ஆண்டுகளிலும் உருவாகலாம். இது பாலையோடு எவ்வகையிலும் தொடர்பில்லாத மணற்கல்.

பாலையிற் பிறந்த கல்லும் பாலையில் நிற்கும் கல்லும்

இனி முதல் வினாவுக்கு வருவோம். மணற்கல் பாலையிலிருந்து வந்ததா? சில மணற்கற்கள் வந்தன. அமெரிக்காவின் மேற்கே நவாகோ மணற்கல் எனப்படும் பாறை உண்டு. சயன் பள்ளத்தாக்கில் அது 600 மீற்றருக்கு மேற்பட்ட தடிப்புடையது. ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முன் பரந்து கிடந்த மணற்கடல் ஒன்று இறுகிய உருவமே அது. மேலே கூறிய சாய்வுப் படைகளை அதன் செங்குத்தான சுவர்களில் ஏடு திறந்தாற்போற் காணலாம். அப்படைகள் சாயும் திசையிலிருந்து அன்று வீசிய காற்றின் திசையையும் கணிக்கின்றனர். அம்மணலிலுள்ள சிர்க்கன் மணிகளின் வயதை ஆராய்ந்தோர், அதிற் பெரும்பகுதி கண்டத்தின் கிழக்கே உள்ள அப்பலாச்சிய மலைகளிற் பிறந்து, பேராறுகளால் மேற்கே கொண்டுவரப்பட்டது என்பர். மணற்கடலுக்கும் மூலம் ஆறே.

ஆயினும் பாலையில் நிற்கும் மணற்கல்லெல்லாம் பாலையிற் பிறந்தது என எண்ணுவது பிழை. அவுஸ்திரேலியப் பாலையின் நடுவே 348 மீற்றர் உயர்ந்து நிற்கும் உளுறு என்னும் செம்பாறை, பழைய மலைகளிலிருந்து வெள்ளம் வாரிவந்து குவித்த பருமணலால் ஆனது. யோர்தானின் பெத்திரா நகரத்தார் மாளிகை முகப்புகளைக் குடைந்த செம்மணற்கல்லும் பெரும்பாலும் தொன்மையான ஆறுகள் படிவித்ததே. தார்ப் பாலையின் விளிம்பில் உள்ள யோத்பூரையும் எடுத்துக்கொள்வோம். 1929இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1943இல் நிறைவெய்திய உமைத் பவன் அரண்மனை அவ்வூர் மணற்கல்லாற் கட்டப்பட்டது. அக்கல் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. அதிற் பெரும்பகுதி ஆறுகளிலும் ஆழமற்ற கடலிலும் படிந்த மணல். இன்று அதன்மேற் பரந்துள்ள பாலையோ புவிச்சரிதத்தின் கணக்கில் நேற்று வந்தது. கல்லுக்கும் அதன்மேல் நிற்கும் நாட்டுக்கும் வேறு வேறு வரலாறு உண்டு.

சிவப்பு நிறமும் நம்மை ஏமாற்றவல்லது. இசுக்கொத்துலாந்தின் பழஞ் செம்மணற்கல்லை முன்னொரு காலத்தில் ஊர்தோறும் வெட்டி வீடு கட்டினர். குறொமாட்டி என்னும் ஊரைச் சேர்ந்த இயூ மில்லர் என்னும் கற்கொத்தர், அக்கல்லில் மீன்களின் உயிர்ச்சுவடுகளைக் கண்டு ஆராய்ந்து 1841இல் நூலாக வெளியிட்டார். மீன் கிடந்த இடம் வறண்ட மணற்கடலாய் இருந்திருக்க இயலாது. ஆறும் ஏரியும் இருந்திருத்தல் வேண்டும்.

நம் நாட்டிலும் இதற்கொரு சான்று உண்டு. புத்தளத்தை அடுத்த தப்போவையில், பளிங்குருப் பாறை இடிந்து தாழ்ந்த பள்ளம் ஒன்றில் யுராசிக் காலத்து மணற்கல்லும் மாக்கல்லும் பாதுகாக்கப்பட்டுள்ளன. இலங்கையின் மிக அரிய பழம் படிவுகளுள் இதுவும் ஒன்று. அங்குக் கிடைத்த தாவர உயிர்ச்சுவடுகளைச் சீவார்டு, ஓல்ற்றம் என்னும் தாவரவியலார் இருவர் 1922இல் விவரித்தனர். பன்னங்களும் ஊசியிலை மர இனங்களும் அடர்ந்த நாட்டில் நீர் படிவித்த மணற்கல் அது. இலங்கையின் பழைய மணற்கல் பாலையைப் பற்றியன்றிப் பசுங்காட்டைப் பற்றியே பேசுகின்றது.

அங்ஙனமாயின் பாலைக்கும் மணற்கல்லுக்கும் இயல்பான உறவு இல்லையோ எனின், உண்டு. அது இருவழிப்பட்ட உறவு. பாலையின் மணற்குன்று புதையுண்டு மணற்கல்லாவது ஒரு வழி. பழைய மணற்கல் சிதைந்து மீண்டும் மணலாகிப் பாலைக்கு உணவாவது மற்றொரு வழி. சகாராவின் மணலிற் பெரும்பகுதி அங்குள்ள பழைய மணற்கற்கள் சிதைந்து பிறந்ததே. ஒரே குவாட்சு மணி ஒரு முறை ஆற்றிலும், மறு முறை கடற்கரையிலும், பின்னொரு முறை மணற்குன்றிலும் கிடந்து, இடையிடையே கல்லாக உறங்கி எழுந்திருக்கக்கூடும்.

பாலையில் மணற்கல் நம் கண்ணைக் கவர்வதற்கும் காரணம் உண்டு. மழைமிக்க நாட்டிற் பாறையை மண்ணும் மரமும் மூடிவிடுகின்றன. பாலையில் மூடுவதற்கு ஒன்றும் இல்லை. வன்மையான படை மேசைபோல் எஞ்ச, அதன் கீழுள்ள மென்மையான படை அரிப்புண்ண, செங்குத்தான சுவர்களும் தூண்களும் வளைவுகளும் தோன்றுகின்றன. அவற்றைச் செதுக்கிய முதற் சிற்பி காற்றன்று. எப்போதாவது பெய்யும் பெருமழையின் வெள்ளமே. பாலையிலும் நீரே வலியது.

இரணைமடுச் செம்மணல்

இப்போது அம்மாணவன் தடவிப் பார்த்த செம்மணற் சுவருக்குத் திரும்புவோம். அச்செம்மணலும் அதன் அடியிலுள்ள சரளைப் படையும் அறிஞருலகில் இரணைமடு உருவாக்கம் என்றே பெயர் பெற்றுள்ளன. நம் குளத்தின் பெயர் இலங்கைப் புவிச்சரித நூல்களில் இவ்வாறு நிலைத்திருப்பதை நம்மிற் பலர் அறியோம். இவ்வுருவாக்கம் இலங்கையின் உலர்வலயக் கரையோரங்களில் வேறு இடங்களிலும் உண்டு. தொல்லியலறிஞர் சிரான் தெரணியகல இதனை ஆராய்ந்து, 1992இல் வெளிவந்த தம் இலங்கைத் தொல்வரலாற்று நூலில் விரிவாக எழுதியுள்ளார். சரளையிற் கற்கால மாந்தரின் கருவிகள் கிடைத்துள்ளன. தென்கரையில் பூந்தலையை அடுத்துள்ள இவ்வினப் படிவுகளை வெப்பவொளிர்வு முறையால் அளந்து, அவற்றுட் பழையவற்றுக்கு ஏறத்தாழ 125,000 ஆண்டு வயது கூறியுள்ளனர்.

சரளைமேற் கிடக்கும் செம்மணலைப் பழைய கரையோர மணற்குன்றுகளாகக் கொள்வர். மணற்குன்று தோன்றப் பாலை வேண்டுவதில்லை. வேண்டுவன மூன்றே: தளர்ந்த மணல், ஓயாத காற்று, புல் பற்றாத வெற்றுத்தரை. கடற்கரையில் இம்மூன்றும் ஒருங்கே கிடைக்கின்றன. வடமராட்சி கிழக்கில் உள்ள மணற்காட்டுக்குச் சென்றோர் இதனை நேரிற் காண்பர். அங்கு மணலிற் புதைந்த பழைய கத்தோலிக்க ஆலயத்தின் சிதைவு குன்றின் ஆற்றலுக்குச் சாட்சியாக நிற்கின்றது. ஆயினும் அங்கு மாரிமழை பெய்கின்றது, கிணற்றில் நீர் உண்டு, அது பாலைவனமன்று.

மணற்காட்டு மணல் வெண்மை. இரணைமடு மணல் செம்மை. இவ்வேறுபாடு பெரிதும் காலத்தின் வேறுபாடு. மணலோடு கலந்திருந்த இரும்புக் கனிப்பொருள்கள், மாறி மாறி வரும் மாரியிலும் கோடையிலும் நெடுங்காலம் சிதைந்து, ஒவ்வொரு குவாட்சு மணிக்கும் செந்நிறப் போர்வை ஒன்று போர்த்துவிட்டன. அப்போர்வை உண்டாக வெப்பம் மட்டுமன்றி ஈரமும் வேண்டும். ஆகவே இச்சிவப்பு, மழை பெய்ததற்கே சான்று சொல்கின்றது.

கடலுக்கு அப்பால் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளில் தேரி எனப்படும் செம்மணற் குன்றுகள் இதற்கு உறவினவே. அங்குக் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றிச் சோய்னர், ஆல்ச்சின் என்னும் இருவர் 1956இல் எழுதியபோது, அக்குன்றுகளையும் பழங்கால மணற்குன்றுகளென்றே விளக்கினர். ஏறத்தாழ இருபதினாயிரம் ஆண்டுகளுக்கு முன், உலகின் நீர் பனியாய் உறைந்திருந்த காலத்தில், கடல் இன்றைய மட்டத்திலிருந்து ஏறக்குறைய 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. அக்காலத்திற் பாக்குநீரிணை நிலமாய் இருந்தது. இருகரை மணலும் இத்தகைய ஏற்றத்தாழ்வுகளைக் கண்ட மணலாகும்.

எனவே மாணவனுக்கு உரிய விடை இதுவாகும்: "தம்பி, இங்கு மணற்குன்று இருந்தது, காற்று அதனைக் குவித்தது. ஆயின் இச்செம்மணல் மட்டுமே பாலைவனம் இருந்ததற்குச் சான்றாகாது. நீ தொட்டது பாதி வழியில் நிற்கும் மணற்கல். மணிகளின்மீது இரும்புச் சாந்து பூசத் தொடங்கிவிட்டது. அவற்றை இறுகப் பிணைக்கும் வேலை இன்னும் முடியவில்லை."

மாணவர் செய்து பார்க்கத்தக்கவை

இவற்றை அறியப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. கனகராயன் ஆற்று மணல், இரணைமடுச் செம்மணல், கடற்கரை மணல் ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு பிடி எடுத்துக் கைவில்லையால் நோக்குக. எது கூர்மையானது, எது உருண்டது, எது ஒரே அளவினது எனக் குறித்துக்கொள்க. காந்தத்தை மணலில் ஓட்டிக் கரிய துணிக்கைகள் ஒட்டுகின்றனவா எனப் பார்க்க. கண்ணாடிக் குவளையில் நீரூற்றிச் செம்மணலைக் கலக்கி வைத்தால், மணல் முதலிற் படிய, செந்நிறக் களி நெடுநேரம் நீரிலேயே நிற்கும். வெட்டுமுகம் ஒன்றைக் கண்டால், நிறத்தைப் பார்க்குமுன் படைகளின் சாய்வைப் பார்க்க. ஆனால் பள்ளத்தின் அடியில் இறங்கி நில்லாதிருக்க. தளர்ந்த மணற்சுவர் அறிவிப்பின்றிச் சரியும்.

முடிவுரை

2009இல் போர் முடிந்தபின் வன்னியில் வீடுகளும் வீதிகளும் மீளக் கட்டப்பட்டன. அதற்கு மணலும் கிரவலும் வேண்டியிருந்தன, இன்னும் வேண்டியிருக்கின்றன. கூரை இழந்தவரிடம் மணல் அள்ளாதே என்று கூற யாரும் துணியார். ஆயினும் எடுக்கும் வேகத்தையும் உண்டாகும் வேகத்தையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். ஆற்று மணலை ஒவ்வொரு மாரியும் ஓரளவு மீண்டும் கொண்டுவரும். அளவோடு எடுத்தால் ஆறு தாங்கும். செம்மணற் குன்றையோ அதன் அடியிற் கற்கருவிகளைத் தாங்கிக் கிடக்கும் சரளையையோ எந்த மாரியும் மீண்டும் கொண்டுவராது. உழவு இயந்திரப் பெட்டி ஒன்றில் ஏற்றிச் செல்லப்படுவது பல்லாயிரம் ஆண்டுக் காற்றும் மழையும் எழுதிய ஏடு.

எல்லா ஏடுகளையும் காக்க நம்மால் இயலாது போகலாம். கிழிபடுமுன் படித்து வைக்கவேனும் இயலும். நம் கல்லூரி நமக்குக் கற்பித்தவற்றுள் முதன்மையானது, வினவியவனுக்கு அரைகுறை விடை கூறலாகாது என்பது. அவ்வொழுக்கத்தில் ஒருநாள் தவறிய பழைய மாணவனின் கடன் இக்கட்டுரையோடு ஒருவாறு தீர்கின்றது. வினவிய அம்மாணவன் எங்கிருந்தாலும் இதனைப் படிப்பானாக. இன்று வகுப்பறைகளில் இருக்கும் அவன் தம்பியரும் தங்கையரும் பள்ளங்கள் மூடப்படுமுன் அச்செம்மணற் சுவரைச் சென்று காண்பாராக.